பள்ளிவாசலில் குரலும் எதிரொலியும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த மஹல்லா ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஷஃபான் மாதத்தில், ஜமாஅத்துக் கூட்டம் கூடியது. ரமளான் நெருங்கிவிட்டது, தராவீஹுக்கு முன் பள்ளிவாசலின் மைக் செட்டை மாற்றியாக வேண்டும் என்பதே அன்றைய பேச்சு. இருந்த ஆம்ப்ளிபயர் நூறு வாட். இருநூறு வாங்கினால் போதும் என்றனர் சிலர். வாங்குவதை ஒரே தடவையாக ஐந்நூறு வாங்கிவிடுவோம் என்றனர் வேறு சிலர். வக்புப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று தெரிந்துகொள்வதற்காக நம்மை அழைத்திருந்தனர். கருவியைப் பற்றி நம்மை எவரும் கேட்கவில்லை. கேட்டிருப்பினும் அன்று சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருந்திராது.

கூட்டத்தின் கடைசியில் ஒரு பெரியவர் எழுந்தார். இரும்புக் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லில் முப்பதாண்டுக் காலம் உழைத்து ஓய்ந்தவர். “ஹஜ்ரத், சத்தம் இப்பவே நல்லாத்தான் வருது. சொல்லுதான் வரல” என்றார். பக்கத்திலிருந்தவர், “காது உங்களுக்குப் போயிடுச்சு பாய்” என்று சொல்ல, எல்லாரும் சிரித்தனர். பெரியவர் அமர்ந்துவிட்டார். அதன்பின் சில வாரங்கள் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் நாம் நிகழ்த்தும் பயானுக்கு அவர் இருப்பதில்லை. ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடுவார்.

ஐந்நூறு வாட் கருவி வந்தது. சென்னையின் கடைக்காரர் ஒருவர் எத்தனை பேர் அமர்வார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு அதைக் கட்டிக் கொடுத்தார். மண்டபம் எப்படிப்பட்டது என்று அவரும் கேட்கவில்லை, நம்மவரும் சொல்லவில்லை. கருவியைப் பொருத்திய முதல் நாள் சுவர் அதிர்ந்தது. சொல் மட்டும் முன்னிலும் குழறியது. அப்பொழுதுதான் பெரியவரின் வார்த்தை நம் நெஞ்சில் தைத்தது. சத்தம் வேறு, சொல் வேறு என்று அவர் பிரித்தாரே, அந்தப் பிரிவினையை நாம் எங்கோ ஓதியிருக்கின்றோம்! ஓதிக்கொடுத்தும் இருக்கின்றோம்.

ஹனபி மத்ஹபின் சட்டநூல்களில் ஸஜ்தா திலாவத் பற்றிய பாடம் உண்டு. திருக்குர்ஆனில் ஸஜ்தாவுக்குரிய ஆயத்தை ஒருவர் ஓத, மற்றொருவர் கேட்டால், கேட்டவர் மீதும் ஸஜ்தா வாஜிபாகும். ஆனால் அந்த ஆயத்தை மலையிலோ குகையிலோ மோதித் திரும்பும் எதிரொலியாகக் கேட்டால்? அல்லது பழக்கப்பட்ட கிளி அதனைச் சொல்லக் கேட்டால்? அப்பொழுது வாஜிபாகாது என்பது தீர்ப்பு. ஹிஜ்ரி 1088 இல் மறைந்த ஹஸ்கபீ (ரஹ்) அவர்களின் துர்ருல் முக்தாரிலும் இச்சட்டம் உள்ளது. எதிரொலிக்கு அரபியில் ‘ஸதா’ என்று பெயர். ஓதுபவனின் குரல் ஒன்று. சுவர் திருப்பித் தரும் ஒலி வேறொன்று. முன்னதற்குச் சட்டம் உண்டு, பின்னதற்கு இல்லை. பாடம் நடத்தும்போது மாணவர்கள் கிளியைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாமும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். பள்ளிவாசலுக்கு ஆம்ப்ளிபயர் வாங்கும் வேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் என்ன என்று நமக்கு அதுவரை தோன்றியதில்லை.

குரலைத் தேர்ந்தெடுக்கும் வரலாறு நம்மிடையே மிகப் பழையது. பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). ஆயினும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரையே அழைக்கச் சொல்லவில்லை. பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு பணித்தார்கள். பிலாலின் குரல் அவர் குரலினும் ‘அன்தா’ என்பது காரணம். இச்சொல்லுக்கு இனிமை என்றும் பொருளுண்டு, நெடுந்தொலைவு செல்லுதல் என்றும் பொருளுண்டு. பள்ளிவாசலை அடுத்திருந்த வீடுகளில் உயரமானது பனூநஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவரின் வீடு. அதன் கூரைமீது நின்று பிலால் (ரலி) சுப்ஹின் பாங்கைச் சொல்வார்கள் என்று அபூதாவூதின் தொகுப்பிலே காண்கின்றோம். ஆக, எந்தக் குரல், எந்த இடம் என்ற இரண்டும் அன்றே தேர்வு செய்யப்பட்டுவிட்டன. ஹுனைன் போர்க்களத்தில், ஹிஜ்ரி 8 இல், படை சிதறியபோது தோழர்களைக் கூவி அழைக்கும் பணி அப்பாஸ் (ரலி) அவர்களுக்குத் தரப்பட்டது. அவர்கள் பெருங்குரல் வாய்ந்தவர்கள். இறுதி ஹஜ்ஜின்போது அரஃபாத் பெருவெளியில் அண்ணலாரின் பேருரையைத் தொடர் தொடராக வாங்கி உரத்துச் சொன்னவர் ரபீஆ இப்னு உமைய்யா என்று ஸீரா ஆசிரியர்கள் எழுதுகின்றனர். அண்ணலாரின் இறுதி நோயில் அவர்கள் அமர்ந்து தொழுவித்தபோது அவர்களின் தக்பீரை மக்களுக்குக் கேட்கச் செய்தவர் அபூபக்ர் (ரலி). பெரிய பள்ளிகளில் இமாமின் தக்பீரை எடுத்துச் சொல்லும் முபல்லிக் என்னும் பதவிக்கு வேர் இதுவே. உஸ்மானியர் கட்டிய பள்ளிகளில் அவருக்கென்றே தூண்களின் மேல் ஒரு மேடை இருக்கும்.

முபல்லிக் என்ன செய்கிறார்? இமாம் நிற்குமிடத்திலிருந்தே குரலைப் பெருக்குவதில்லை. கேட்போருக்கு நடுவே நின்று, அங்கிருந்து புதிதாகச் சொல்கிறார். பின்வரிசையில் இருப்பவனுக்கு ஒலி அருகிலிருந்து வருகிறது. இந்த நுட்பத்தைப் பிற்பாடு விளக்குவோம்.

ஒலி என்பது என்ன என்று ஆராய்ந்தவர்களும் நம்மிடையே இருந்தனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினர் இசையைப் பற்றிய தம் நிருபத்தில், பொருள்கள் மோதுவதால் காற்றில் எழும் அசைவு எல்லாப் பக்கமும் உருண்டையாக விரிகிறது என்றும், கண்ணாடி ஊதுபவன் ஊதும்போது குமிழி விரிவதுபோல அது விரிகிறது என்றும், விரிய விரிய மெலிகிறது என்றும் எழுதினர். இன்றைய பொறியாளர் இதனையே அளவாகச் சொல்லுகிறார்: திறந்தவெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். வாட்டை இரட்டிப்பதால் கிடைப்பதோ வெறும் 3 டெசிபல். அது காதுக்குச் சற்றே தெரியும் வேறுபாடு. இரு மடங்கு உரப்பாகக் கேட்க வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். நூறுக்கு இருநூறா, ஐந்நூறா என்று நம்மவர் ஒரு மணி நேரம் வாதிட்டது இதற்காகத்தான்!

திறந்தவெளி வேறு, சுவருக்குள் நிகழ்வது வேறு. 1895 இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடமொன்றில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. வாலஸ் ஸாபின் என்னும் இளம் ஆசிரியரிடம் அதனைச் சீர்செய்யும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தினால் அதன் முழக்கம் அக்கூடத்தில் ஐந்தரை விநாடி நின்றது. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லிவிடுவார். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அனைத்தும் கூழாகிவிடும். ஸாபின் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, மெத்தை கூடக்கூட முழக்கம் எவ்வளவு குறைகிறதென்று அளந்தார். அவர் கண்ட விதி எளியது. மண்டபத்தின் கன அளவு பெருகினால் முழக்கம் நீளும்; ஒலியை விழுங்கும் பொருள் பெருகினால் முழக்கம் குறுகும். விழுங்குதலை அளக்க அவர் கொண்ட அலகு யாது தெரியுமா? திறந்த ஜன்னல்! ஜன்னல் வழியே போன ஒலி திரும்புவதில்லையாதலால், முழுமையாக விழுங்கும் பரப்பு அதுவே என்றார்.

இதைப் படித்தபோது நம் கடலோரப் பழம்பள்ளிகள் நினைவில் எழுந்தன. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் கருங்கல்லில் எழுப்பிய பள்ளிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கற்றச்சரின் கைவண்ணம், தட்டையான கூரை, வரிசையாகத் தூண்கள், கும்மட்டம் உள்ள முழக்கக் கூடமன்று. முன்புறம் காற்றுக்குத் திறந்த மண்டபமும் தாழ்வாரமும். கல் ஒலியை விழுங்காது என்பது உண்மையே. ஆயினும் கூரை தாழ்ந்திருப்பதால் கன அளவு குறைவு. தூண்கள் ஒலியைச் சிதறடிக்கின்றன. திறந்த பக்கம் ஸாபினின் ஜன்னலாக நிற்கிறது. ஒலியைக் கருதித்தான் இவ்வாறு கட்டினார்கள் என்று நாம் சொல்லத் துணியவில்லை. வெயிலும் காற்றும் கல்லும் பழக்கமும் அவ்வடிவைத் தந்திருக்கலாம். ஆனால் மிம்பரில் நின்றவர் குரல் கடைசி வரிசைக்குச் சொல்லாகவே போய்ச் சேர அவ்வடிவம் உதவியது.

கும்மட்டத்தின் குணத்தைக் காண விரும்புவோர் பீஜப்பூருக்குச் செல்லவேண்டும். 1656 இல் மறைந்த முஹம்மது ஆதில்ஷாவின் அடக்கத்தலமாகிய கோல் கும்பஸ் அங்கே நிற்கிறது. கும்மட்டத்தின் அடியில் சுற்றிவரும் மாடத்தில் ஒருபுறம் மெல்லப் பேசினால் எதிர்ப்புறத்தில் காது வைத்தவனுக்குக் கேட்கும். ஒரு கைதட்டல் பலமுறை திரும்பி வரும். சுற்றுலாச் செல்லும் பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ்வார்கள். அடக்கத்தலத்தில் அது வியப்பு. அத்தகைய கும்மட்டத்தின் கீழ் குத்பா ஓதுவதாயின் அது தொல்லை. இஸ்தான்புல்லில் 1557 இல் சுலைமானிய்யாப் பள்ளியை முடித்த ஸினான், கும்மட்டத்தினுள் வாய் திறந்த மண்குடங்களைப் பதித்தார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். கும்மட்டம் கட்டுவோன் அதன் ஒலிக்கும் பரிகாரம் தேடவேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். நம் காலத்தில் கும்மட்டத்தை மட்டும் படம் பார்த்துக் கட்டிவிட்டோம்.

இனி, கருவி வந்த கதை. குரலைப் பதிக்கும் கருவி ஒலிபெருக்கிக்கு முன்பே வந்துவிட்டது. குர்ஆன் ஓதலை அதில் பதிக்கலாமா, கேட்கலாமா என்ற கேள்விக்கு 1899 இல் பதாவியாவின் ஸையித் உஸ்மான் ஃபத்வா எழுதினார். எகிப்தின் முஹம்மது பகீத் அல்முதீஇ அவர்களும் தனி நூல் எழுதினார். 1961 இல் கெய்ரோவில் ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்களின் குரலில் திருக்குர்ஆன் முழுவதும் பதிவாகி வெளிவந்தபோது அந்த விவாதம் ஏறக்குறைய அடங்கிப்போயிற்று. நம் ஊர்களுக்கு அந்த ஓதல் வந்து சேர்ந்ததோ கேஸட்டில். வளைகுடா சென்றவர்கள் திரும்பி வருகையில் தோளில் தொங்கிய டேப்ரிக்கார்டரை மறக்க முடியுமா? ஒரு பக்கம் ஹுஸரீயின் கிராஅத்து, மறுபக்கம் நாகூர் ஹனீபாவின் பாடல். பர்மா பஜாரில் வாங்கிய கருவியும் உண்டு. வீட்டில் சிறிய அறை, பாய், மெத்தை, திரை. சொல் தெளிவாகவே கேட்கும். ஹனீபாவின் கம்பீரக் குரல் அத்தகைய சிறு பெட்டியிலும் சிதையவில்லை. அதே நாடாவைக் கலியாண வீட்டு ரேடியோ செட்டில் நான்கு குழாய் கட்டிப் போட்டால் எந்தப் பாடல் என்று இரண்டு தெரு தள்ளி நின்று ஊகிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஒலிபெருக்கி 1915 இல் பிறந்தது எனலாம். அவ்வாண்டு டிசம்பர் 24 இல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருந்திரளுக்கு, பீட்டர் ஜென்ஸன், எட்வின் பிரிதம் என்ற இருவர் தம் கருவியால் பேச்சையும் பாட்டையும் கேட்கச் செய்தனர். 1936 இல் சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசலில் பாங்குக்கு அது வந்துவிட்டது. தமிழ் முஸ்லிம்கள் வணிகம் செய்து வாழ்ந்த நகரமாதலின், ஊர் திரும்பிய நம்மவர் பலர் அதனை அங்குக் கேட்டிருக்கக்கூடும்.

பாங்குக்கு ஒலிபெருக்கியை ஏற்பதில் பெருந்தடை எழவில்லை. தொழுகைக்குள் அதனைப் பயன்படுத்தலாமா என்பதிலேதான் உலமாக்கள் பல்லாண்டு வாதிட்டனர். வெளியிலிருந்து பார்ப்பவர் இதைப் புதுமைக்கு அஞ்சிய பழைமை என்று எழுதிவிடுவர். அது நியாயமன்று. அவர்கள் எழுப்பிய கேள்வி கூரியது: பெட்டியிலிருந்து வருவது இமாமின் சொந்தக் குரலா, அல்லது அக்குரலின் எதிரொலியா? எதிரொலியாயின், தொழுகைக்கு வெளியே உள்ள ஒன்றைப் பின்பற்றி ருகூவுக்கும் ஸஜ்தாவுக்கும் செல்வதாக ஆகுமே! கிளிக்கும் மலைக்கும் சொன்ன சட்டம் இங்கே வந்து நிற்கிறது. தேவ்பந்தில் பணியாற்றிப் பின்னர் கராச்சியில் வாழ்ந்து 1976 இல் மறைந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இதுபற்றித் தனி நூலே எழுதினார். முதலில் தொழுகை கூடாது என்ற பக்கம் சாய்ந்திருந்த அவர், ஒலிநூல் வல்லுநர்களின் விளக்கத்தைக் கேட்டறிந்தபின், ஒலிவாங்கியில் பேசுவோனின் குரலே வலுப்பெற்று வருகிறது என்று கண்டு, தொழுகை நிறைவேறும் என்னும் முடிவுக்கு வந்தார். தாம் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை.

அந்த விவாதம் அவ்வளவில் முடிந்தது. நாம் கருதுவது, அது சற்று முன்னதாகவே முடிந்துவிட்டது என்பதே. பெட்டியிலிருந்து வருவது குரல், சரி. அந்தக் குரல் சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பினால் அது ஸதா அன்றோ? பின்வரிசையில் இருப்பவன் காதுக்கு வந்து சேரும் ஒலியில் குரலின் பங்கு எவ்வளவு, ஸதாவின் பங்கு எவ்வளவு? ஒலிப் பொறியாளர் மண்டபத்தில் முதலில் அளப்பது இதைத்தான்: நேரே வரும் ஒலிக்கும் மோதி வரும் ஒலிக்கும் உள்ள விகிதம். ஆம்ப்ளிபயரைத் திருகி ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், விகிதம் மாறாது. நம் பள்ளியில் ஐந்நூறு வாட் தோற்றது இவ்விடத்தில்.

நாம் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் மண்டபத்தை அளந்தோம். சிறு கும்மட்டத்தை விட்டுவிட்டால் 18 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். 1,080 கன மீட்டர். பழைய பள்ளி ஓட்டுக் கூரையும் மரச் சட்டமும் திறந்த முன்தாழ்வாரமும் கொண்டது. புதியது காங்கிரீட், தரையெல்லாம் டைல்ஸ், பாதிச் சுவர்வரை கிரானைட், குளிரூட்டி வைத்த பின் நாற்புறமும் கண்ணாடிக் கதவு. ஸாபினின் விதிப்படி கணக்கிட்டால் வெறும் மண்டபத்தில் முழக்கம் ஏறக்குறைய ஆறு விநாடி நிற்கும். ஆனால் மனித உடலும் உடையும் ஒலியை நன்றாக விழுங்கும். ஜும்ஆவில் முந்நூறு பேர் நிறைந்தால் முழக்கம் ஒரு விநாடியளவுக்கு இறங்கிவிடுகிறது. சுப்ஹில் பதினைந்து பேர் இருந்தால் ஏறத்தாழ ஐந்து விநாடி! கருவியைச் சோதித்தவர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை பகலில் வந்து சோதித்தார்கள். பெரியவரோ விடியற்காலையில் வந்து கேட்டவர். இருவரும் மெய்யே சொன்னார்கள்.

பெரியவரின் காதையும் குறை சொல்லத்தான் வேண்டுமெனில் அதற்கும் காரணமுண்டு. இரும்பாலை இரைச்சலில் நெடுநாள் உழைத்தவர்க்குச் செவித்திறன் முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வை ஒட்டிய பகுதியில். உயிரெழுத்தின் முழக்கம் அதற்கு மிகத் தாழ்ந்த பகுதியில் இருப்பதால் தப்பிவிடும். ஸீன், ஷீன், ஃபே, ஸே போன்ற காற்றொலி எழுத்துகளின் உயிர் உயர்ந்த பகுதியில் உள்ளது, அவை மறைந்துவிடும். யாரோ பேசுகிறார் என்பது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. மக்ரஜ் பிழையின்றி ஓத மாணவரை ஆண்டுக்கணக்கில் வருத்துகின்றோம். ஸீனும் ஸாதும் மயங்கினால் பொருளே மாறுமென்று கண்டிக்கின்றோம். அந்த எழுத்துகளை ஒரு குழாயும் நான்கு சுவரும் ஒரு நொடியில் அழித்துவிடுகின்றன. தொழிற்பேட்டை ஊரில் இத்தகைய காதுடையோர் அந்தப் பெரியவர் ஒருவர்தானா?

மின்பணி பயின்ற ஓர் இளைஞர் நமக்குத் துணையாக வாய்த்தார். நாம் நூலில் கண்டதைச் சொல்ல, அவர் ஏணி மீதேறிச் செய்து பார்த்தார். மண்டபத்துக்குள் மேல்மூலைகளில் இரண்டு பெரிய பெட்டிகள் கூரையை நோக்கியிருந்தன. முதலில் அவற்றை இறக்கினார். அவற்றுக்குப் பதிலாகச் சிறு ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காலம் ஸ்பீக்கர் என்னும் நெடும்பெட்டிகள் வாங்கப்பட்டன. செங்குத்தாக அடுக்குவதால் ஒலி மேலும் கீழும் சிதறாமல் விசிறிபோலப் பக்கவாட்டில் பரவும். கூரைக்கும் கும்மட்டத்துக்கும் போவது குறையும். அமர்ந்திருப்போர் தலைக்குச் சற்று மேலே, சிறிது கீழ்நோக்கிச் சாய்த்து அவற்றைப் பொருத்த வேண்டும். பேசுபவரின் மைக்குக்குப் பின்னாலோ நேர் எதிரிலோ பெட்டி இருக்கக்கூடாது. இருந்தால் பெட்டியின் ஒலி மைக்குக்குள் புகுந்து, மீண்டும் பெட்டிக்கு வந்து, சுற்றிச் சுற்றி ஊளையாக மாறும். மைக்கைக் கையால் பொத்தினால் ஊளை நிற்கும் என்று நினைப்பவர் பலர். பொத்தினால் அது கூடவே செய்யும். மைக்கை வாய்க்கு ஒரு சாண் அளவுக்கு அருகே கொண்டுவந்து, ஆம்ப்ளிபயரைக் குறைப்பதே வழி. நம் கதீபுமார்களில் சிலர் மைக்கைத் தொலைவில் நிறுத்திவிட்டு, கேட்கவில்லையென்று மோதினாரை அதட்டுவதை எத்தனை முறை கண்டிருக்கின்றோம்!

பின்மண்டபத்துக்கு வேறு பெட்டிகள். இங்கேதான் முபல்லிக்கின் நுட்பம் வருகிறது. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். மின்சாரத்துக்கோ கம்பியில் செல்ல நேரமே ஆவதில்லை. 17 மீட்டர் தள்ளி ஒரு பெட்டி வைத்தால், அது முன்பெட்டியின் ஒலி வருவதற்கு இருபதில் ஒரு விநாடி முந்திப் பேசிவிடும். இரண்டும் சேராமல் இரட்டை ஒலியாகக் கேட்கும். முபல்லிக் இமாமைக் கேட்டபின் சொன்னார். பெட்டி கேட்காமலே சொல்கிறது. பின்பெட்டியைச் சிறிது தாமதிக்கச் செய்யும் கருவி உண்டு. அதனை அமைத்தவுடன் இரண்டு குரலும் ஒன்றாயின. ஒலிகளுக்கிடையே சுமார் 30 மில்லிவிநாடிக்குள் இடைவெளி இருந்தால் காது அவற்றை ஒன்றாகவே கொள்ளும் என்பதை 1949 இல் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வில் காட்டினார்.

மைக்கில் எந்நேரமும் ஒலித்த ‘உர்ர்’ என்ற இரைச்சலுக்கு ஆலைகள் மீது பழி போட்டிருந்தோம். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். ஆம்ப்ளிபயர் ஒரு பிளக்கிலும் மைக் கலவைக் கருவி வேறு பக்கத்துப் பிளக்கிலும் சொருகப்பட்டு, இரண்டு எர்த்துக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகியிருந்தது. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுத்து, மைக் கம்பியை மின்கம்பியோடு பிணைக்காமல் தள்ளிக் கொண்டுபோனதும் இரைச்சல் ஒழிந்தது. எர்த் கம்பியை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார்; இரைச்சலோடு உயிரும் நிற்கக்கூடும் என்று இளைஞர் மறுத்துவிட்டார். ஆலைகள் மீது நாம் போட்ட பழியை இங்கே திரும்பப் பெறுகின்றோம்.

இவை எல்லாவற்றினும் மேலாகப் பயன் தந்தது கம்பளம். தரை முழுதும் தடித்த விரிப்பு, இரண்டு பக்கக் கண்ணாடிக் கதவுகளுக்கு மடிப்பு மடிப்பாகத் திரை. ஸாபினின் மெத்தை வேறு வடிவில் வந்தது. கணக்குப்படி சுப்ஹின் முழக்கம் இரண்டு விநாடிக்குக் கீழே இறங்கவேண்டும். காதுக்கும் அப்படியே தெரிந்தது. ஐந்நூறு வாட் கருவியின் திருகு இப்பொழுது கால் பங்கைத் தாண்டுவதில்லை. வாங்கியதை என்ன செய்வது?

வெளியே கட்டிய கூம்புக் குழாய்களைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நம் ஊருக்குத் தெற்கே, சென்னைக்குச் செல்லும் கல்கத்தாச் சாலையின் போக்கில் உள்ள மாதவரத்தில், தேவாலயம் ஒன்றின் ஒலிபெருக்கி குறித்து அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்ட் 30 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். அவ்வாண்டே வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பகுதியில் 75, 70. இரவு 10 மணி முதல் காலை 6 வரை, மூடிய மண்டபங்களின் உள்ளே தவிர, ஒலிபெருக்கிக்கு இடமில்லை. 2021 மே மாதம் சவூதி அரசு, பள்ளிகளின் வெளி ஒலிபெருக்கிகளைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு அளவில் வைக்கும்படி சுற்றறிக்கை விட்டது. நம்மீது மட்டும் சட்டம் பாய்கிறது என்று வருந்துவோர் இதனையும் கருதட்டும். சட்டம் ஒரு சாராரிடம் மட்டும் கடுமை காட்டுமிடங்களில் அதைத் தட்டிக் கேட்பதும் நம் கடமையே; அதற்காகப் பயானையும் ஊர் முழுதுக்கும் குழாயில் விடவேண்டுமென்பதில்லை. நம் பள்ளியில் இப்பொழுது பயான் மண்டபத்துக்குள்ளே மட்டும் ஒலிக்கிறது. இரவு முறை வேலை முடிந்து வந்து உறங்கும் தொழிலாளர்கள் அடுத்த தெருவில் இருக்கின்றார்கள். அவர்களில் நம்மவரும் உண்டு, பிறரும் உண்டு.

கம்பளம் விரித்த வாரத்தில் பெரியவரின் மகனிடம் சொல்லியனுப்பினோம். அவர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் சுப்ஹுக்குப் பின் இரண்டாம் வரிசையில், பெட்டிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். அன்று ஹுனைன் போரைப் பற்றிப் பேசினோம். அப்பாஸ் (ரலி) அவர்களின் குரலையும் சொன்னோம். பயான் முடிந்து எல்லாரும் எழுந்தபின் அவர் நம் அருகே வந்து, ஸலாம் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஹஜ்ரத், ஹுனைன் ஹிஜ்ரி ஒம்பதுன்னு சொன்னீங்களே. எட்டு இல்லையா?”

எட்டுத்தான். நாம்தான் தவறாகச் சொல்லியிருந்தோம்.